கால்குலேட்டரில் திட்டவிலக்கம்: எந்த வரிசையில் அழுத்துவது, எங்கே தவறுகிறோம்

உயர்நிலை 3, 4 படிக்கும் பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். திட்டவிலக்கம் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சரியாகவே சொல்வார்கள்: எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. ஆனால் கால்குலேட்டரைக் கையில் எடுத்ததும், 2.78 வர வேண்டிய இடத்தில் ஒருவர் 2.98 எழுதுவார், இன்னொருவர் 7.75, வேறொருவர் 120. மூன்றுமே ஒரே கணக்குக்கு வந்த விடைகள். மூவருக்கும் பாடம் புரிந்திருந்தது. அழுத்திய வரிசையிலோ திரையைப் படித்ததிலோதான் பிசகு. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் கால்குலேட்டர் எந்த வகை என்று பாருங்கள். சிங்கப்பூரில் பிள்ளைகள் கையில் நான் அதிகம் பார்ப்பது காசியோ எஃப்எக்ஸ்-96எஸ்ஜி பிளஸ், எஃப்எக்ஸ்-97எஸ்ஜி எக்ஸ் இரண்டும்தான். முதலாவதில் மேலே ‘மோட்’ என்ற விசை இருக்கும். இரண்டாவதில் அதற்குப் பதில் ‘மெனு’, கூடவே ‘ஆப்ஷன்’ என்பதைச் சுருக்கி எழுதிய விசை. இந்த வழிகாட்டி முழுவதும் முதலாவதை ‘மோட் வகை’, இரண்டாவதை ‘மெனு வகை’ என்று சொல்கிறேன்.

தேர்வுக்கு வாங்குவதாக இருந்தால், சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகம் வெளியிடும் அனுமதிக்கப்பட்ட கால்குலேட்டர் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

அடுத்தது, ஒரு காகிதம். அதில் இரண்டு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை எண்கள், அவற்றில் சிறியதும் பெரியதும் எவை. பத்து விநாடி வேலை. 5ஆம் படியில் இந்த இரண்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

இன்னொன்று. மெனுவில் இருக்கும் வரிசை எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ‘மூன்றை அழுத்து, அப்புறம் நான்கை அழுத்து’ என்று அண்ணன் சொன்னதைப் பழகிவிட்டு, வேறு மாடலில் அதையே அழுத்தி வேறெங்கோ போய் நிற்பவர்கள் நிறையப் பேர். திரையில் இருக்கும் சொல்லைப் படித்து, அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணை அழுத்துங்கள்.

2. முதலில் செட்டப்: நிகழ்வெண் பத்தி வேண்டுமா, வேண்டாமா

எல்லோரும் நேராக எண்களைத் தட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. எண்கள் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் நிகழ்வெண் பத்தி வேண்டாம். அட்டவணையில் ‘இந்த எண் இத்தனை தடவை’ என்று இருந்தால் வேண்டும்.

இரண்டு வகையிலும் ஷிஃப்ட் அழுத்தி, பிறகு செட்டப் (மோட் அல்லது மெனு விசைக்கு மேலே எழுதியிருக்கும்). கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். அதில் ‘ஸ்டாட்’ அல்லது ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், ‘ஃபிரீக்வென்சி’ ஆன் வேண்டுமா, ஆஃப் வேண்டுமா என்று கேட்கும்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன்? இந்த அமைப்பை மாற்றிய கணமே, அதுவரை அட்டவணையில் உள்ளிட்ட எண்கள் எல்லாம் அழிந்துவிடும். இருபது எண்களைத் தட்டி முடித்துவிட்டு ‘ஐயோ, நிகழ்வெண் பத்தி இல்லையே’ என்று ஆன் செய்தால், மறுபடியும் முதல் எண்ணிலிருந்துதான். தேர்வறையில் அந்த மூன்று நிமிடம் திரும்பி வராது.

3. புள்ளியியல் மோடுக்குள் நுழைதல்

மோட் வகையில் ‘மோட்’ அழுத்தி, ‘ஸ்டாட்’ பக்கத்திலுள்ள எண். மெனு வகையில் ‘மெனு’ அழுத்தி, புள்ளியியல் படத்துக்கு நகர்ந்து, சமக்குறி.

அடுத்து ஒரு பட்டியல் வரும். அதில் முதலாவதாக இருக்கும் ‘1-வேரியபிள்’ என்பதே நமக்கு வேண்டியது. அதற்குக் கீழே இருப்பவை இரண்டு மாறிகளுக்கு இடையிலான தொடர்பைப் பார்ப்பவை. தவறி அதில் ஒன்றைத் தொட்டுவிட்டால் எக்ஸ், ஒய் என்று இரண்டு பத்திகள் வரும். ஒய் என்ற தலைப்பைப் பார்த்தால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். சிலர் அந்த ஒய் பத்தியை நிகழ்வெண் பத்தி என்று நினைத்து அதிலேயே நிரப்பிவிடுகிறார்கள். விடை என்று ஏதோ ஒன்று வரும். தவறு என்று கால்குலேட்டர் சொல்லாது.

4. எண்களை உள்ளிடுதல்

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. ஈசூனில் ஒரு மாணவி எட்டு நாள்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பேருந்தில் போன நேரத்தைக் குறித்து வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடங்களில்: 12, 15, 11, 18, 14, 14, 20, 16.

ஒவ்வோர் எண்ணையும் தட்டிச் சமக்குறி அழுத்துங்கள். 12, சமக்குறி, 15, சமக்குறி, இப்படியே கடைசி வரை. கடைசி எண்ணுக்குப் பிறகும் சமக்குறி உண்டு. அதை விட்டுவிட்டால் அந்த எண் கணக்கில் சேராது. மிகச் சாதாரணமான தவறு இது.

14 இரண்டு தடவை வருகிறது. இரண்டு தடவையும் தட்ட வேண்டும். ‘ஏற்கெனவே போட்டாச்சு’ என்று ஒன்றை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். அம்புக்குறியால் அந்த வரிசைக்குப் போய், சரியான எண்ணைத் தட்டிச் சமக்குறி அழுத்தினால் மாறிவிடும்.

முடித்ததும், மோட் வகையில் ஏசி அழுத்துங்கள். அட்டவணை மறைந்து வெறும் திரை வரும். முதல்முறை பார்ப்பவர்கள் இங்கே பதறிவிடுவார்கள், எல்லாம் போய்விட்டது என்று. ஒன்றும் போகவில்லை. எண்கள் உள்ளேயே இருக்கின்றன. ஷிஃப்ட், 1 அழுத்தி ‘டேட்டா’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை திரும்ப வரும். மெனு வகையில் ஏசி தேவையில்லை. அட்டவணையில் இருந்தபடியே அடுத்த படிக்குப் போகலாம்.

5. விடையைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் என் மாணவர்கள் விடாமல் செய்தால் போதும் என்று நினைப்பேன். பாதித் தவறுகள் இங்கேயே பிடிபட்டுவிடும்.

மோட் வகையில் ஷிஃப்ட், 1 அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘வார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கை, சராசரி, சிக்மா எக்ஸ், எஸ் எக்ஸ் என்று நான்கு வரும். முதலாவதை, சிறிய ஆங்கில என் எழுத்தால் குறித்திருக்கும் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்துச் சமக்குறி அழுத்துங்கள். நம் எடுத்துக்காட்டில் 8 வர வேண்டும். 7 வந்தால் ஒன்றை விட்டிருக்கிறீர்கள். 9 வந்தால் ஒன்றை இரண்டு தடவை தட்டியிருக்கிறீர்கள்.

மெனு வகையில் ‘ஆப்ஷன்’ விசையை அழுத்தி, ‘1-வேரியபிள் கால்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா மதிப்புகளும் நீளப் பட்டியலாக வந்துவிடும். எண்ணிக்கை சற்றுக் கீழே இருக்கும். அம்புக்குறியால் இறங்கிப் போய் அதை முதலில் பார்த்துவிட்டு மேலே வாருங்கள். அதற்கும் கீழே மிகச்சிறிய எண்ணும் மிகப்பெரிய எண்ணும் இருக்கும். காகிதத்தில் எழுதியதோடு ஒத்துப்பாருங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓர் எண் தவறாக இருக்கலாம். 15க்குப் பதில் 155 என்று தட்டியிருந்தால் எண்ணிக்கை 8தான் காட்டும், ஆனால் திட்டவிலக்கம் 46.4 என்று வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. எந்த எண் தொகுதியிலும் திட்டவிலக்கம் வீச்சில் பாதியைத் தாண்டாது. இங்கே பெரியது 20, சிறியது 11. வீச்சு 9, அதில் பாதி 4.5. 46.4 என்பது நடக்கவே முடியாத விடை. காகிதத்தில் சிறியதையும் பெரியதையும் எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

6. சிக்மாவா, எஸ்ஸா

இப்போது 2.98க்கு வருவோம்.

திரையில் திட்டவிலக்கம் இரண்டு வடிவங்களில் இருக்கும். சிக்மா எக்ஸ் என்பது, சராசரியிலிருந்து விலகிய தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. எஸ் எக்ஸ் என்பது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு அதனால் வகுப்பது. நம் எண்களுக்குச் சராசரி 15. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 62. அதை 8ஆல் வகுத்தால் 7.75, வர்க்கமூலம் 2.78. 7ஆல் வகுத்தால் 8.857, வர்க்கமூலம் 2.98.

உயர்நிலைக் கணக்குப் பாடத்தில் நமக்கு வேண்டியது சிக்மா எக்ஸ். தேர்வுத்தாளின் சூத்திரப் பக்கத்தைப் பாருங்கள்: திட்டவிலக்கத்துக்கான சூத்திரத்தில் மொத்த நிகழ்வெண்ணால்தான் வகுத்திருப்பார்கள், ஒன்றைக் கழித்திருக்க மாட்டார்கள். கையில் எந்த மாடல் இருந்தாலும் அந்தச் சூத்திரத்தோடு பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தால் தவறாது.

எஸ் எக்ஸ் எதற்கு என்றால், கையில் இருப்பது ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி மட்டும் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய கூட்டத்தின் சிதறலை மதிப்பிடுவதற்கு. தொடக்கக் கல்லூரியில் ஹெச்2 கணக்கு எடுப்பவர்கள் இதைப் பார்ப்பார்கள். அண்ணன், அக்காவிடம் உதவி கேட்கும்போது அவர்கள் பழக்கத்தில் எஸ்ஸைச் சொல்லிவிடுவதும் உண்டு.

7.75 எழுதியவர் மெனு வகை வைத்திருந்தார். அந்த நீளப் பட்டியலில் சிக்மாவின் வர்க்கம் முதலில் வரும், அடுத்த வரியில்தான் வெறும் சிக்மா. அவசரத்தில் முதலில் கண்ணில் படும் சிக்மாவை எழுதிவிடுகிறார்கள். தலையில் சிறிய 2 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மாறுபாடு, திட்டவிலக்கம் அல்ல.

120 எழுதியவரோ பெரிய சிக்மாவைப் பார்த்துவிட்டார். கூர்கூராக மடிந்த பெரிய சிக்மா ‘எல்லாவற்றையும் கூட்டு’ என்பதன் குறி. எட்டு எண்களின் கூட்டுத்தொகைதான் 120. திட்டவிலக்கத்துக்கு, உருண்டையாக மேலே ஒரு கோடு நீட்டிய சிறிய சிக்மா.

7. நிகழ்வெண் அட்டவணை

நாற்பது மாணவர்கள் ஒரு மாதத்தில் நூலகத்திலிருந்து இரவல் பெற்ற புத்தகங்கள்: 1 புத்தகம் எடுத்தவர்கள் 4 பேர், 2 எடுத்தவர்கள் 9, 3 எடுத்தவர்கள் 14, 4 எடுத்தவர்கள் 8, 5 எடுத்தவர்கள் 5 பேர்.

செட்டப்பில் நிகழ்வெண்ணை ஆன் செய்துவிட்டு மோடுக்குள் போங்கள். முதலில் எக்ஸ் பத்தி முழுவதையும் நிரப்புங்கள்: 1, 2, 3, 4, 5. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிகழ்வெண் 1 என்று தானாகவே விழும். பிறகு அம்புக்குறியால் நிகழ்வெண் பத்தியின் முதல் வரிசைக்குப் போய் 4, 9, 14, 8, 5 என்று மேலிருந்து கீழாக நிரப்புங்கள். குறுக்கே குறுக்கே போவதைவிட இது வேகம், வரிசை மாறும் வாய்ப்பும் குறைவு.

தானாக விழும் அந்த 1தான் இங்கே பொறி. ஒரு வரிசையில் நிகழ்வெண்ணை மாற்ற மறந்தாலும் கால்குலேட்டர் எதுவும் சொல்லாது. எதையுமே மாற்றாவிட்டால் எண்ணிக்கை 5 என்று காட்டும், திட்டவிலக்கம் 1.41 வரும். சரியாகச் செய்தால் எண்ணிக்கை 40, சராசரி 3.025, சிக்மா எக்ஸ் 1.1508, அதாவது 1.15. அட்டவணைக் கணக்கில் எண்ணிக்கை என்பது வரிசைகளின் எண்ணிக்கை அல்ல, ஆட்களின் எண்ணிக்கை. 40 வரவில்லையென்றால் மேலே போக வேண்டாம்.

எந்தப் பத்தி எக்ஸ், எந்தப் பத்தி நிகழ்வெண் என்று குழம்புபவர்களுக்கு ஒரு கேள்வி: எதனுடைய சராசரியைத் தேடுகிறோம்? புத்தகங்களுடையது. அப்போது புத்தகம்தான் எக்ஸ்.

8. பிரிவுகளாகக் கொடுத்திருந்தால்

உணவங்காடியில் ஒரு கடை வரிசையில் ஐம்பது பேர் காத்திருந்த நேரம் என்று வைப்போம். 0 முதல் 5 நிமிடம் வரை 6 பேர், 5 முதல் 10 வரை 15 பேர், 10 முதல் 15 வரை 18 பேர், 15 முதல் 20 வரை 8 பேர், 20 முதல் 30 வரை 3 பேர்.

ஒவ்வொருவரும் சரியாக எத்தனை நிமிடம் நின்றார் என்பது நமக்குத் தெரியாது. அதனால் பிரிவின் நடுப்புள்ளியை எக்ஸாக எடுக்கிறோம். கால்குலேட்டர் இதைச் செய்து தராது. நீங்களே கண்டுபிடித்து, விடைத்தாளிலும் எழுதிவிட்டு உள்ளிட வேண்டும். 2.5, 7.5, 12.5, 17.5, 25.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். முதல் நான்கும் ஐந்தைந்தாகக் கூடிக்கொண்டே வருவதால், கை தானாக 22.5 என்று எழுதப் போகும். கடைசிப் பிரிவின் அகலம் பத்து. 20ஐயும் 30ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 25. சரியான விடை சராசரி 11.35, திட்டவிலக்கம் 5.62. 22.5 போட்டால் 5.27 வரும். எண்ணிக்கை இரண்டிலும் 50தான், அதனால் 5ஆம் படியின் சோதனை இதைப் பிடிக்காது. நடுப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வகுத்தே எழுதுங்கள்.

9. விடைத்தாளில் எழுத வேண்டியது

கால்குலேட்டர் விடையை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். தேவையான வழிமுறையைக் காட்டாவிட்டால் மதிப்பெண் போகும் என்று தேர்வுத்தாளின் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. தவிர, இறுதி விடையில் ஒரு பிசகு நேர்ந்தாலும், சூத்திரத்தில் எண்களைச் சரியாகப் போட்டிருந்தால் அதற்குரிய மதிப்பெண்ணுக்கு வழி இருக்கும்.

போட வேண்டிய மொத்தங்களையும் கால்குலேட்டரே தரும். மோட் வகையில் ஷிஃப்ட், 1, ‘சம்’. அதில் எக்ஸ் வர்க்கங்களின் மொத்தமும் எக்ஸின் மொத்தமும் இருக்கும். மெனு வகையில் அந்த நீளப் பட்டியலிலேயே இருக்கும். நிகழ்வெண் ஆனில் இருந்தால் அவை நிகழ்வெண்ணால் பெருக்கிய மொத்தங்கள். காத்திருப்புக் கணக்கில் 8018.75, 567.5. விடைத்தாளில் √(8018.75 ÷ 50 − (567.5 ÷ 50)²) என்று எழுதி, 5.62 என்று முடியுங்கள்.

தசமம் நீண்டுகொண்டே போகும் விடையை 3 சிக்னிஃபிகன்ட் ஃபிகரில் (பொருளுறு இலக்கங்களில்) தருவது வழக்கம். ஆனால் அது கடைசி வரியில் மட்டும். இதைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன், காரணம் இருக்கிறது. சராசரி 11.35ஐ இடையிலேயே 11.4 என்று மாற்றி, அதை வர்க்கப்படுத்திச் சூத்திரத்தில் போட்டால் திட்டவிலக்கம் 5.51 ஆகிவிடும். சின்னதாக 0.05தான் கூட்டினோம், வர்க்கப்படுத்தும்போது அது பெருகி, இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்தைப் பாதித்துவிடுகிறது.

10. மொத்தங்களை மட்டும் கொடுத்தால்

‘25 பேரின் எக்ஸ் மொத்தம் 410, எக்ஸ் வர்க்கங்களின் மொத்தம் 7012’ என்று கேள்வி வந்தால், உள்ளிடத் தனி எண்களே இல்லை. புள்ளியியல் மோடை விட்டு வெளியே வந்து, சாதாரணக் கணக்கு மோடில் சூத்திரத்தைத் தட்டுங்கள்: √(7012 ÷ 25 − (410 ÷ 25)²). விடை 3.39.

வெளியே வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட் வகையில், புள்ளியியல் மோடுக்குள் இருக்கும்போது திரை ஒரே வரி வடிவத்துக்கு மாறிவிடும். வர்க்கமூலக் கூரை நீண்டு எல்லாவற்றையும் மூடாது. அடைப்புக்குறியை முதல் எண்ணுக்குப் பின்னாலேயே மூடிவிட்டால், அந்த எண்ணுக்கு மட்டும் மூலம் எடுத்துவிட்டு மீதியை வெளியே கழிக்கும். திட்டவிலக்கம் எதிர்மறை எண்ணாக வந்தால் காரணம் இதுதான்.

வர்க்கங்களின் மொத்தமும் மொத்தத்தின் வர்க்கமும் வேறு வேறு. 7012 ஏற்கெனவே வர்க்கப்படுத்திக் கூட்டியது. அதை மறுபடி வர்க்கப்படுத்தக் கூடாது. 410ஐ வகுத்த பிறகு வர்க்கப்படுத்த வேண்டும்.

11. பழைய ‘எம்எஸ்’ வகை வைத்திருப்பவர்களுக்கு

அண்ணன் பயன்படுத்தியது, அப்பா அலமாரியில் வைத்திருந்தது என்று சிலர் கொண்டு வருவார்கள். அதில் அட்டவணையே வராது. மோடில் ‘எஸ்டி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் எண்ணையும் தட்டி ‘எம் பிளஸ்’ விசையை அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதுவரையிலான எண்ணிக்கையைத் திரையில் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நிகழ்வெண் இருந்தால், எண், ஷிஃப்ட், காற்புள்ளி விசை, நிகழ்வெண், எம் பிளஸ்.

இதில் பெரிய ஆபத்து பழைய எண்கள். முந்தைய கணக்கின் எண்கள் உள்ளேயே இருக்கும், புதியவை அவற்றோடு சேர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ஷிஃப்ட், கிளியர், ‘எஸ்சிஎல்’, சமக்குறி. முதல் எண்ணை உள்ளிட்டதும் எண்ணிக்கை 1 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். விடையை எடுக்க ஷிஃப்ட், 2. சிக்மாவின் காலில் வெறும் ‘என்’ எழுத்து இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘என் கழித்தல் 1’ இருப்பது நம் எஸ் எக்ஸ்தான், பெயர் மட்டும் வேறு.

12. இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது

தேர்வில் பெரும்பாலும் இரண்டாவது தொகுதியின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கொடுத்து ஒப்பிடச் சொல்வார்கள். ‘திட்டவிலக்கம் குறைவு’ என்று மட்டும் எழுதினால் அது எண்ணைத் திரும்பச் சொன்னது மாதிரி. நம் பேருந்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவளுடைய தோழி எம்ஆர்டியில் வருகிறாள். அவளுக்குச் சராசரி 17, திட்டவிலக்கம் 1.2 என்றால், எழுத வேண்டியது இப்படி: ‘சராசரியாகப் பேருந்துப் பயணம் குறைந்த நேரம் எடுக்கிறது, ஏனெனில் 15 என்பது 17ஐவிடக் குறைவு. ரயில் பயண நேரம் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை, ஏனெனில் 1.2 என்பது 2.78ஐவிடக் குறைவு.’ நிமிடம், பயணம் என்று கேள்வியில் உள்ள பொருளைத் தொட்டு இரண்டு வாக்கியங்கள், இரண்டிலும் எண்.